வயிறு சரியில்லாத மேஸ்திரி

கோயமுத்தூர் கணபதிப் பக்கத்து மில் ஒன்றில் திருமலைசாமி மேஸ்திரியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்பின்னிங் பிரிவில் அவர் குரலை உயர்த்தி ஒரு வசவு சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஏனுங்க, அந்த நூல் அறுந்திருக்குது பாருங்க" என்றுதான் சொல்வார். மற்ற மேஸ்திரிகள் இதே சங்கதியை வாடா போடா இல்லாமல் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அப்படியொரு மரியாதைக்காரர். அந்த மரியாதையை நாம் கொஞ்சம் கிட்டத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தொழிலாளிகள் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் மேஸ்திரிக்கு முதல் அழைப்பு. தேங்காய் பழத்தட்டோடு தவறாமல் போவார். ஆனால் பந்தியில் உட்காருவதா வேண்டாமா என்பதை அவருடைய வயிறுதான் முடிவு செய்யும். அது ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு மாதிரி முடிவு செய்யும். அன்னூர்ப் பக்கம் காலனிக்காரர்கள் வீடு என்றால் பந்தலுக்குள் நுழையும்போதே நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

"வயிறு சரியில்லீங்க. ஒரே நெஞ்செரிச்சலுங்க. கோவிச்சுக்காதீங்க."

பொய்யை இவ்வளவு பணிவாகச் சொன்னால் கேட்கிறவன் என்னதான் செய்வான்? "பரவாயில்லீங்க, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று வழியனுப்பி வைப்பான். அவனுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். சாதி என்று வாயெடுக்காமலே சாதி பார்ப்பதற்கு இப்படி ஒரு வயிறு இருந்தால் போதும்.

கண்ணையா அந்தக் காலனிக்காரர்தான். ரிங் பிரேம் தொழிலாளி. வேலையில் கெட்டி. வீட்டில் பேசுவது மேஸ்திரிக்கும் தெலுங்கு, கண்ணையாவுக்கும் தெலுங்கு. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை தெலுங்கில் பேசிக்கொண்டதில்லை. பேசினால் எங்கே உறவாகிவிடுமோ என்ற பயம் மேஸ்திரிக்கு. கண்ணையா ஓட்டு வீடு கட்டிக் குடிபோன அன்று மேஸ்திரி பந்தலடியில் நின்று வழக்கம்போல நெஞ்சைத் தடவிக்கொண்டார். கண்ணையா கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கி வந்து, மேஸ்திரி கண்ணெதிரிலேயே உடைத்துக் கொடுத்தார். வீட்டுத் தண்ணீர் படவில்லை என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா! மேஸ்திரி குடித்தார். ஏப்பம் கூட விட்டார்.

தொண்ணூற்றிரண்டில் மேஸ்திரியின் ஒரே மகள் சுலோச்சனா, கண்ணையாவின் மகன் சென்னகேசவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை, நல்லவன். செய்தி வந்தபோதும் மேஸ்திரி சத்தம் போடவில்லை. "எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தின கதவு சாத்தினதுதான். மனைவி ரங்கநாயகி அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். மனிதர் மசியவில்லை. மில்லில் கண்ணையாவின் பக்கமே திரும்புவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த எரிச்சல் வந்தது. இது நிஜமான எரிச்சல். வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்செலும்பு வழியாகத் தொண்டை வரை தணல் ஏறும். புளித்த தண்ணீர் வாய்க்கு வரும். குனிந்தால் வரும், படுத்தால் வரும், ஒரு டீ குடித்தால் போதும், வந்துவிடும். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள்?

டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தின்கிறவரை அடங்கியது, நிறுத்தினால் திரும்ப வந்தது. கடைசியில் உக்கடத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் வழிகாட்ட, மேஸ்திரி இயற்கை வைத்தியத்தில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்றே சொல்லலாம். ஊரார் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் வெண்பூசணியை இவர் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தார். டீயை விட்டார், மிளகாயை விட்டார், பொரித்ததை விட்டார். சீரகத் தண்ணீர், மணத்தக்காளிக் கீரை, அதிமதுரப் பொடி, மதியம் குழைந்த மோர்ச்சோறு. அரை வயிற்றுக்கு மேல் ஒரு கவளம் கிடையாது. விளக்கு வைப்பதற்குள் ராச்சாப்பாடு முடிந்துவிடும். கட்டிலின் தலைமாட்டுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தி, இடதுபக்கமாகவே படுத்தார். பெற்ற மகளுக்கு வளையாத மனிதர் வயிற்றுக்கு அப்படி வளைந்தார். எரிச்சலும் அடங்கியது. ஆனால் கொஞ்சம் தவறினாலும் போதும், பழையபடி தணல்.

இதற்கிடையில் சுலோச்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஹர்ஷிணி என்று பெயர். ரங்கநாயகி புருஷனைக் கேட்காமலே கண்ணையா வீட்டுக்குப் பஸ் ஏறினார். போனார், சாப்பிட்டார், குழந்தையைக் கொஞ்சினார், திரும்பி வந்து அவரிடம் நேராகவே சொன்னார்.

"ஏனுங்க, கொழந்தைக்கு அப்படியே உங்க மூக்குங்க."

அந்த மூக்கு மேஸ்திரியைத் தூங்க விடவில்லை. பார்க்காத குழந்தைக்காக மனிதர் ஏங்கிப்போனார். ஒருநாள் சீரகத் தண்ணீரை ஆற்றிக்கொண்டே, "நானும் ஒருக்கா போய்ட்டு வாரேன்" என்றார்.

ரங்கநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "போங்க. ஆனா அந்த ஊட்டுல கை நனைக்கோணும். நீங்க வந்தீங்களான்னு அவிங்க பாக்க மாட்டாங்க, சாப்புட்டீங்களான்னுதான் பாப்பாங்க. அம்மணிகிட்ட உங்க வயித்தப் பத்திச் சொன்னனுங்க. 'நைனா வயிறு எப்பத்தான் நல்லா இருந்துச்சு'ன்னு கேக்குறா."

மேஸ்திரி தலையாட்டினார். தலையாட்டினவர் சும்மா போயிருக்கக் கூடாதா? நேரம் தவறினால் எரியுமே என்ற பயத்தில், தூக்குப்போசியில் மோர்ச்சோறும் ஒரு பாட்டிலில் பூசணிச் சாறும் எடுத்துக்கொண்டு போனார். சத்தியமாக அன்றைக்கு அவர் மனதில் வயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் தூக்குப்போசியோடு ஒருவர் சம்பந்தி வீட்டுக்கு நடந்து வந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பது ஐம்பது வயதைத் தாண்டிய மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலிலேயே கண்ணையா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "வாங்க சம்பந்தி" என்றார், அதையும் தெலுங்கில். குழந்தையை மடியில் வைத்தார்கள். மேஸ்திரி அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

பிறகு சுலோச்சனா இலை போட்டாள். நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், முட்டை. மிளகாய் வாடை அவர் தொண்டைக்கு வந்து நின்றது. ஒரு வருஷமாகக் காத்த வயிறு. மேஸ்திரியின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"வயிறு சரியில்லீங்க. ஒரே நெஞ்செரிச்சலுங்க. கோவிச்சுக்காதீங்க."

பொய்க்காகப் பழகி வைத்த வார்த்தைகள்தான் நிஜத்துக்கும் வந்தன. வேறு வார்த்தை அவரிடம் இல்லை. மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டான். சுலோச்சனா மூலையிலிருந்த தூக்குப்போசியையே பார்த்தாள். கண்ணையா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சோடா பாட்டில் இருந்தது. மேஸ்திரி கண்ணெதிரிலேயே உடைத்தார்.

"குடிங்க மேஸ்திரி" என்றார், தமிழில்.

நெஞ்செரிச்சலுக்குச் சோடா ஆகவே ஆகாது. மேஸ்திரி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அன்னூரிலிருந்து வீடு வந்து சேரும்வரை நெஞ்சு பற்றி எரிந்தது. எரியட்டும் என்றே உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு சுலோச்சனாவும் வரவில்லை, சேதியும் இல்லை. மேஸ்திரி பூசணிச் சாற்றைக் குடித்துக்கொண்டு யோசித்தார். ஐப்பசி முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார். செத்தாலும் சரி, அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவது.

ரங்கநாயகிக்கு இது பிடிக்கவில்லை. "கொஞ்சமா ரசஞ்சோறு போடச் சொல்லி வாங்கிச் சாப்புட்டுப்போட்டு வாங்க, போதும்" என்றார். மேஸ்திரி கேட்கவில்லை. நோயாளிச் சாப்பாடு கேட்டால் மறுபடியும் அதே பேச்சுதானே வரும்? அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும், அதுவும் மறுசோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். வறட்டு ரோஷம் கெட்ட நேரத்தில்தான் நல்ல எண்ணமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போய் இறங்கினார். வாசலில் நின்றபடியே, "கண்ணு, பசிக்குது, சோறு போடு" என்றார் மகளிடம், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக. சுலோச்சனா நம்ப மாட்டாமல் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து உள்ளே ஓடினாள்.

கோழிக் குழம்புதான் அன்றும். மேஸ்திரி பிசைந்தார். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. சுலோச்சனா விசிறியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள், சின்னப் பிள்ளையில் அவர் மடியருகே உட்கார்ந்தது போல. மேஸ்திரி மறுசோறு கேட்டார். கண்ணையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரண்டியைத் தேடாமல், குண்டாவிலிருந்து ஒரு நல்ல துண்டாகக் கையாலேயே எடுத்து அவர் இலையில் வைத்தார்.

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு மேலே வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். புழக்கடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, முன்வாசலுக்கு ஓடினார். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க, தின்ற சோறு முழுவதும் வாசலில் வந்து விழுந்தது.

கண்ணையா செம்பில் தண்ணீர் கொடுத்தார். மேஸ்திரி வாங்கிக் குடித்தார், இதுவாவது வயிற்றில் நிற்கட்டும் என்று குடித்தார். அதுவும் நிற்கவில்லை. கண்ணையா மண்ணை அள்ளி அதன்மேல் போட்டுக்கொண்டே, குழாயடிப் பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மேஸ்திரிக்கு வயிறு சரியில்லீங்களாட்ட இருக்குது."

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தது. அதற்குப் பதிலாகக் கண்ணையா அவரை ஒரு அடி அடித்திருக்கலாம்.

சுலோச்சனா பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை. புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். மேஸ்திரிதான் ஆரம்பித்தார்.

"அம்மணி, காரம் ஒத்துக்கலீம்மா. வயிறுதான்."

"வயிறுதானுங்களா நைனா?"

ஆமாம் என்று சத்தியம் பண்ண வாயெடுத்தார். காரம் இரண்டு கவளம் இறங்கத்தானே செய்தது? மறுசோறும் வாங்கத்தானே செய்தார்? அந்தக் கை இலைக்கு வந்த பிறகுதானே புரண்டது? இல்லை, அதற்குள் வயிறு நிறைந்துவிட்டதாலா? அவருக்கே தெரியவில்லை. இனி எந்த வைத்தியரிடம் போய் இதைக் கேட்பது? நெஞ்சு எரிந்தது, தொண்டை எரிந்தது, கண்ணும் எரிந்தது.

சுலோச்சனா பதிலுக்குக் காத்திருந்து பார்த்தாள். பிறகு கோபமே இல்லாமல் பேசினாள்.

"நீங்க வராத இருந்தப்போ, எங்க நைனா ஒரு நாளைக்கு வந்து உங்க ஊட்டுல சாப்புடுவாருன்னு மாமாகிட்டச் சொல்லிச் சொல்லி அவுர நம்ப வெச்சிருந்தனுங்க. நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். இனி என்னன்னுங்க சொல்றது? நீங்க வர வேண்டாங்க நைனா."

கோயமுத்தூர் பஸ் தூரத்தில் வந்தது. மேஸ்திரி அசையாமல் நின்றார். சுலோச்சனாதான் ரோட்டோரம் போய்க் கை காட்டி நிறுத்தினாள்.