என் வீட்டுக்காரரின் வார்த்தை

முதன்முதலாக மேடையேறியபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அட்மிஷன் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் ஒரு காபிக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் ஓபன் மைக் நடக்கும். பெயர் கொடுத்தால் யாரும் ஐந்து நிமிடம் பேசலாம். ஆபீஸ் தோழி ஒருத்தி கூப்பிட்டாள், போனேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் எனக்குக் கரு கலைந்திருந்தது. மூன்று மாதம் முடியட்டும், எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம். அதற்குள் முடிந்துபோனதால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு அங்கே போய் உட்காரலாம் என்றுதான் போனேன்.

மேடையில் வாயில் வந்தது என் கணவரைப் பற்றிதான். அவர் ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார்.

"எங்க கல்யாணத்துல பாஸ்டர், 'இந்தப் பொண்ணை மனைவியா ஏத்துக்க சம்மதமா'ன்னு கேட்டார். இவர் நல்லா யோசிச்சிட்டு, 'பாக்கலாம்'னார்."

நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. காதில் சத்தம் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

ஒரு வருடத்தில் என் பேச்சு இருபது நிமிடமாக வளர்ந்தது. எல்லாம் அவர்தான். அவர் காய் வாங்கும் விதம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே போன் பேசுவது. கடைசியில் ஒரு துணுக்கு. "சொந்தக்காரங்க எல்லாம் கேக்கறாங்க, 'என்னப்பா, விசேஷம் உண்டா?' இவர் சொல்றார், 'பாக்கலாம்.' பாத்தா எப்படிங்க வரும்?" அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

உண்மையில், அவருடைய அம்மா, என் அம்மா, சர்ச்சில் பக்கத்து பெஞ்ச்சில் உட்காரும் அக்கா என்று யார் கேட்டாலும், கேள்வி என்னிடம் வந்து சேராதபடி அவர் முந்திக்கொண்டு சொன்ன பதில் அது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பேச்சை யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு டிவி சேனலில் இருந்து கூப்பிட்டார்கள். வாராந்திர நகைச்சுவைத் தொடர். நான்தான் மனைவி. எழுத்தாளர்கள் என் பேச்சையெல்லாம் கேட்டு, கணவன் பாத்திரத்துக்கு அந்த ஒரே வார்த்தையை வைத்தார்கள். படப்பை போகும் சாலையில் ஒரு குடோனுக்குள் வீடு மாதிரி செட். கல்லூரி வேலையை விட்டேன். அவரிடம் கேட்டபோது, "உனக்குப் பிடிச்சா செய்" என்றார்.

தொடர் ஓடியது. பம்மலில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், "இன்னாக்கா, வூட்டுக்காரு எப்டி கீறாரு? இன்னும் பாத்துகினே கீறாரா?" என்று டிரைவர் கேட்பார். வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அது வேலை மாதிரி ஆகிவிட்டது. தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அவரை "பாக்கலாம் சார்" என்று கூப்பிடுவதாகப் பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா சொன்னார். அவரும் அங்கேதான் வேலை செய்கிறார். என் கணவர் என்னிடம் சொல்லவில்லை.

எப்போது என்று தெரியாது, அவர் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார். "சரி" என்றார், "வேணாம்" என்றார். சில சமயம் "பா" என்று ஆரம்பித்து "சரி" என்று முடித்தார்.

இரண்டாம் வருடம் ஒரு எபிசோட். மனைவிக்குத் தலை சுற்றுகிறது, குடும்பமே இனிப்பு வாங்கிக் கொண்டாடுகிறது, கடைசியில் அது வெறும் அஜீரணம். ஒரே டேக்கில் செய்தேன். "சூப்பர்மா, அந்த ஏமாந்த மூஞ்சி இருக்கே, பிரமாதம்" என்றார் டைரக்டர். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் புடவை மாற்றினேன்.

அது ஒளிபரப்பான மறுநாள் கம்பெனி பஸ்ஸில் யாரோ செல்போனில் போட்டிருக்கிறார்கள். அன்று அவர் வந்து ஷூவைக் கழற்றியபடியே கேட்டார்.

"அந்த சீன் நடிக்கும்போது உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணலைங்க."

"நிஜமாவா?"

"நிஜமாதான். எதுக்குமே எனக்கு ஒண்ணும் தோணறதில்ல. ரொம்ப நாளாவே."

தலையாட்டினார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் உனக்குச் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

சண்டை இல்லை. அடுத்த மாதம் கம்பெனியின் குஜராத் தொழிற்சாலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தாம்பரத்திலேயே ரயில் ஏறினார். பிளாட்பாரத்தில் இரண்டு பெண்கள் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

தொடர் அந்த வருடக் கடைசியில் நின்றது. இன்னொரு தொடரில் பக்கத்து வீட்டுக்காரியாக வருகிறேன். பழைய கல்லூரியின் விழாவில் பேசக் கூப்பிட்டபோது அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பதினைந்து நிமிடம் எழுதிக்கொண்டு போனேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு இறங்கினேன்.

போன மாதம் அவர் நான்கு நாள் விடுமுறையில் வந்திருந்தார். மிக்ஸி கெட்டுப்போயிருந்ததால் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அக்கா, நீங்கதானே! சார் யாரு?"

"அவங்க ஹஸ்பண்ட்" என்றார்.

"எந்த சீரியல்ல சார்?"

"சீரியல்ல இல்லம்மா. வீட்டுல."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மிக்ஸி ஜாரின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து சானடோரியம் ஸ்டாப் தாண்டிய பிறகுதான் அவர் ஒரு ஜோக் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எது?" என்றார்.