பட்டாளக் குழம்பும் கட்லெட்டும்

எங்கள் வீட்டில் தம்ளரில் வாய் வைத்துக் குடிப்பது கொலைக் குற்றம். அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். கடித்த பிஸ்கட்டை இன்னொருத்தரிடம் நீட்டக் கூடாது. பரிமாறுகிற கரண்டி தட்டில் பட்டுவிட்டால் அதைக் கழுவாமல் சட்டிக்குள் விடக் கூடாது. சர்ச்சில் திருவிருந்து அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அதனால் முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவதற்காகவே அம்மா முன்வரிசையில் இடம் பிடிப்பாள். அவளுக்கு எவ்வளவு பக்தி என்று பாஸ்டரே ஒருமுறை மெச்சிப் பேசினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இத்தனைக்கும் அம்மா வேலை பார்த்தது எச்சில் தட்டு கழுவுகிற இடத்தில். அப்பா போன பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சேர்ந்தாள். சாயங்காலம் வரும்போது கையில் தூக்குவாளி இருக்கும். மிஞ்சிப் போன சாம்பார், கூட்டு, ரசம் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். புளியைக் கரைத்து விட்டு, மிளகாய்த்தூள் போட்டு, சுண்டச் சுண்டக் கொதிக்க வைப்பாள். கல்யாண வீட்டு மிச்சத்தில் செய்கிற அதே சுண்டக்கறிதான், எங்களுக்கு மட்டும் தினமும் கல்யாணம்.

"தட்டுல மிஞ்சினதாம்மா?" என்று கேட்டால் போச்சு, சாமி வந்துவிடும்.

"யாரைப் பாத்து இன்னா கேள்வி கேக்கற? பாத்திரத்து மிச்சம்டி. தட்டு மிச்சத்தைத் தொடுவேனா நானு?"

ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்லெட். எனக்கு அந்த வாரமே அதற்காகத்தான் நகரும். எங்கள் வீட்டுக்கு வந்த கட்லெட் ஒன்றுகூட வட்டமாக இருந்ததில்லை. பாதி நிலாவாக இருக்கும், முக்கோணமாக இருக்கும், சில நாள் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக இருக்கும். ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். "உன் வாய்க்கு அடங்கணும்னு வெட்டினேன்" என்பாள். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு தோழியின் வீட்டில் முழு வட்டமாக ஒரு கட்லெட்டைத் தட்டில் வைத்தார்கள். ஐயோ பாவம், இவர்களுக்கு வெட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கொரியாக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் செய்ய ஆரம்பித்ததும், காருக்குச் சாமான் செய்கிற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. அப்படி ஒன்றின் ஆபீஸில், ஜி.எஸ்.டி. ரோட்டில், எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நாலு இளம் இன்ஜினியர்களைத் தங்க வைக்க சேலையூரில் ஒரு வீடு எடுத்து, அவர்களுக்குச் சமைக்க ஆள் தேடினார்கள். எங்கம்மா இருக்காங்க சார் என்று முந்திரிக்கொட்டையாக நான்தான் சொன்னேன். சமையலோடு அந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் கிடைத்தது. அதுவரை வருஷத்துக்கு ஒரு வீடு என்று சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் நாங்கள். குழாயைத் திருகினால் உள்ளேயே தண்ணீர் வருகிற வீட்டில் அம்மா அதற்கு முன் இருந்ததே இல்லை. வந்த வாரமே கறிவேப்பிலைக் கன்று நட்டாள். "இனிமே என்னை எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாது" என்றாள். வீடு கம்பெனிக்காரன் எடுத்தது. சொல்ல முடியாது என்று யார் சொன்னது?

அந்த நாலு பேரில் கண்ணாடி போட்டவர் ஒருவர் சாப்பாட்டுப் பிரியர். ஒரு மழை நாளில் அடுப்படிக்கு வந்து அம்மாவுக்கு ஒரு குழம்பு சொல்லிக் கொடுத்தார். டின்னில் அடைத்த பன்றிக்கறி, சாசேஜ், டின் பீன்ஸ், அவர்களுடைய புளித்த முட்டைக்கோஸ், மிளகாய் விழுது, கடைசியில் ஒரு பாக்கெட் நூடுல்ஸ். எல்லாம் ஒரே சட்டியில்.

"இன்னாடி இது, கையில கெடைச்சதெல்லாம் போடறாரு?" என்றாள் அம்மா.

கேட்டுச் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. அவருடைய ஊரில் பெரிய சண்டை நடந்து முடிந்த சமயம், ஜனங்களுக்குத் தின்ன ஒன்றுமில்லையாம். அமெரிக்கப் பட்டாளம் முகாம் போட்டிருந்த இடத்திலிருந்து டின் டின்னாகக் கறி கள்ளத்தனமாக வெளியே வருமாம். அதை வாங்கி, தங்கள் முட்டைக்கோஸையும் காரத்தையும் போட்டுக் கொதிக்க வைத்தார்களாம். குழம்பின் பெயரே பட்டாள முகாமை வைத்துத்தானாம். இப்போது காலேஜ் பிள்ளைகள் அதைத் தின்னக் கடை வாசலில் காத்து நிற்கிறார்களாம்.

"அட, நம்ம சுண்டக்கறி!" என்றாள் அம்மா. அன்றிலிருந்து எங்களுக்கு அது பட்டாளக் குழம்பு.

சில மாதம் கழித்து, பெரியவர் வருகிறார் என்று ஆபீஸில் பேச்சு கிளம்பியது. கொரியாவிலிருந்து வருகிற கம்பெனி மேலதிகாரி. சேலையூர் வீட்டில் சில நாள் தங்கி, சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டை வைத்துக்கொள்வதா, எல்லோரையும் மெட்ராஸில் ஒரு ஹோட்டலுக்கு மாற்றுவதா என்று முடிவு சொல்வாராம். வீடு போனால் அம்மாவுக்கு வேலை போச்சு, எங்களுக்குக் கூரையும் போச்சு. அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து நின்றேன். கோவளத்தில் நல்ல மீனாக வாங்கி வறுத்துவிடலாம், மீனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள் என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. வீட்டு ஞாபகத்தில் வருவார், பட்டாளக் குழம்புதான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். பெட்டியில் மிச்சமிருந்த டின்களை எல்லாம் எடுத்து வந்து கொடுத்துவிட்டார்.

பெரியவர் வந்த சாயங்காலம் பார்த்து கேஸ் தீர்ந்தது. பம்ப் ஸ்டவ்வைத் தேடி எடுத்துப் பற்றவைத்தால் கரண்ட் போனது. நான் கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடையாக நடந்தேன்.

"ஏண்டி இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற? ஒரு எடத்துல உக்காரேன்" என்றாள் அம்மா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். நரைத்த தலை, இரும்பு மாதிரி முதுகு. கை கழுவிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கரண்டும் திரும்ப வந்தது. கண்ணாடிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக மூடியைத் திறந்தார். நான் அடுப்படிக் கதவின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சட்டிக்குள் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. தாழ்ந்த குரலில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் வேர்த்துக் கொட்ட அடுப்படிக்கு வந்தார். என்ன தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. "ஆளை மாத்துவாரா?" என்று கேட்டேன். மாற்றலாம், வீடே வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைத் திட்ட முடியாதே, அம்மாமேல் பாய்ந்தேன்.

"தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, மீன் வறும்மான்னு! கேட்டியா?"

அம்மா சட்டியை மூடி வைத்தாள். "கெட்டா போச்சு? நாளைக்கு நாம சாப்புட்டுக்கலாம்."

வீடு போகப் போகிறது, இவளுக்குக் குழம்பு கெடாதது பெரிசாகப் போயிற்று. அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை.

விடிந்ததும் அம்மா சொன்னபடியே செய்தாள். குழம்பில் கொஞ்சம் புளி விட்டுச் சுண்ட வைத்து, பழைய சோற்றில் போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அவள் எதிரே நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது, மேடவாக்கம் பக்கம் வாடகை குறைச்சலா, யாரைப் போய்க் கேட்பது என்று வாய் ஓயாமல் பேசினேன். அப்போது கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் பெரியவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். நடக்க வந்திருக்கிறார்.

அவர் பார்த்தது என்னை அல்ல, அம்மாவின் தட்டை.

நேற்று வைத்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் சார், இவர்தான் சமைக்கிறவர், என் அம்மா என்றேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் கீதுன்னு சொல்லு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

பிடித்திருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். அவர் போவார் என்று பார்த்தேன், போகவில்லை. துணி துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேச ஆரம்பித்தார். பையன்களுக்கு டின் கதைதான் தெரியும் என்றார். டின்னுக்கு முன்னால் பீப்பாய். அவர் பிறந்த ஊர் முகாமை ஒட்டி இருந்தது. சிப்பாய்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை எல்லாம் ஒரு பீப்பாயில் கொட்டிப் பின்கேட் வழியாக வெளியே அனுப்புவார்கள். ஊர்ப் பெண்கள் காத்து நின்று அகப்பைக் கணக்கில் வாங்குவார்கள். அதில் கறி இருக்கும், ரொட்டி இருக்கும், சிகரெட் துண்டும் இருக்கும். கறியில் பல் பதிந்திருக்கும். அவருடைய அம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து, பல் பட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவாள். பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருநாள் அவர் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். சொல்லும்போது விரலால் தன் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

தமிழில் சொல்லு என்று அம்மா என்னைப் பார்த்தாள். சொன்னேன். எச்சில் என்கிற வார்த்தையைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவுதான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாய் கொப்பளிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள்.

"கத்தரியா? கத்திதான் சௌகரியம்" என்றாள்.

"என்னம்மா?"

"கறிக்கு வேணா கத்தரி சரிப்படும். கட்லெட்டு உதுந்து பூடும். அதுக்குக் கத்திதான்."

"பாத்திரத்து மிச்சம்னு சொன்னியே!"

"கட்லெட் எப்படிடி பாத்திரத்துல மிஞ்சும்? ஆளுக்கு எண்ணித்தான் வெப்பாங்க. சில பசங்க ஒரு கடி கடிச்சிட்டு எழுந்து பூடுவானுங்க. நீயோ கட்லெட் கட்லெட்டுன்னு உசுர வாங்குவ. கடிச்ச எடத்தை நல்லா உள்ள தள்ளி வெட்டிட்டுத்தான் குடுத்தேன். எவன் எச்சிலும் உன் வாயில பட்டதில்ல." சர்ச்சில் சாட்சி சொல்கிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் அடிக்கிறவள் நான். அதைச் சொல்ல மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகத் தேட வேண்டியிருந்தது. அவர் கல்லிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒன்று கேட்டார். வெட்டிய துண்டுகள் எங்கே போகும்? தன் அம்மாவிடம் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாராம். கேட்கிற தைரியம் வந்தபோது அவள் இல்லையாம்.

"வெட்டினதை என்ன பண்ணேன்னு கேக்கறாரும்மா."

இது ஒரு கேள்வியா என்பது போல அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இன்னா பண்ணுவாங்க? நான் தின்னுட்டேன். காலையிலேர்ந்து நின்னுகினு கழுவறவளுக்குப் பசிக்காதா?"

அவங்களே சாப்பிட்டுட்டாங்க சார் என்பதற்கு இங்கிலீஷில் மூணு வார்த்தை போதும். சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். வீடு இருக்கும், சமையலுக்கும் இவரே இருக்கட்டும், அந்தக் குழம்பு மட்டும் என் மேசைக்கு வர வேண்டாம் என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை.

அம்மா பதறிப்போய்ப் படிக்குக் கீழே பார்த்தாள். "இன்னாடி தேடறாரு? எதனா வுழுந்துடுச்சா?"

அவர் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். வீடு தங்கிவிட்டது, துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு கடி கடித்துவிட்டு எழுந்து போன அந்தப் பையன்களை, வாரா வாரம் பொய் சொன்ன இவளை, வாயைத் திறந்து திறந்து கட்லெட் கேட்ட என்னை. படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டில் பாதி மிச்சமிருந்தது. கையை விட்டுப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன்.

"ஏய், எச்சில்டி!" என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். "வேற தட்டுல போட்டுத் தரேன், இரு."

நான் கையை எடுக்கவில்லை. அவள் சொன்னது சரிதான், உப்பு கொஞ்சம் தூக்கல்.