பாவு முடிந்ததும் காலி

குடித்தனக்காரர்களை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டை விற்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் விற்றேன். எனக்கு வேறு வழி இல்லை.

என் கணவருக்குப் புரட்டாசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முதல் சில மாதங்கள் விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் நடை திரும்பும் என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆரணியிலிருந்து காரில் சாய்த்து உட்காரவைத்து அழைத்துப் போய் வந்தால், வீடு திரும்புவதற்குள் மனிதர் பாதி ஆகிவிடுவார். வேலூரில் இருக்கும் மகள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே படி ஏற வேண்டாத ஒரு வீட்டைப் பார்த்து வைத்தாள். அதை வாங்க வேண்டுமானால், அடுத்த தெருவில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்றாக வேண்டும்.

அந்த வீட்டில் எட்டு வருஷமாக ஒரு நெசவுக் குடும்பம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூடத்தில் குழி வெட்டிப் பட்டுத்தறி போட்டிருந்தார்கள். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கும் தறி. குழி வெட்டிக்கொள்ளச் சொன்னது என் கணவர். நான் அப்போதே முணுமுணுத்தேன். நான் முணுமுணுக்காத விஷயம் எங்கள் வீட்டில் குறைவு.

வாங்க வந்தவர் களம்பூர் நெல் வியாபாரி. வீடு பிடித்துவிட்டது. கூடத்துக் குழிதான் பிடிக்கவில்லை.

"நடு வூட்ல பள்ளத்த வச்சிகினு நான் எப்டிங்க பால் காச்சறது? வூட்ட காலி பண்ணி, குழிய மூடிக் குடுங்க. தை இருபத்தஞ்சு நல்ல நாளு. அன்னிக்கிப் பத்திரம் வச்சிக்கலாம். அது தாண்டுச்சின்னா என் அட்வான்ஸ குடுத்துடுங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அட்வான்ஸ் அதற்குள் வேலூர் வீட்டுக்காரர் கைக்குப் போயிருந்தது. தை இருபத்தைந்து தவறினால் இந்த வீடும் விற்காது, அந்த வீடும் கிடைக்காது. என் கணவரின் கால் அந்தத் தேதியில் மாட்டிக்கொண்டிருந்தது.

மார்கழி முதல் வாரம், பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் வழியில், நேராகக் குடித்தனக்காரர்களிடம் போனேன். அவர் தறியில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் மிதி நின்றது. சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி ஈரக் கையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இப்பத்தான் டீச்சர் பாவு ஏத்தினோம்," என்றார் அவர். "மூணு பொடவ பாவு. நடுவுல இறக்க முடியாது. இந்தப் பாவு முடிஞ்சதும் காலி பண்ணிடறோம்."

"எப்ப முடியும்?"

"தை இருவதுக்குள்ள முடிச்சிடுவேன்."

சரியாக வந்தது. மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், அது தீர்ந்தால் நெசவு தீர்ந்தது. நூல்கண்டு தீருவதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆரணியில் பிறந்து, நெசவுக்காரர் பிள்ளைகளுக்கே முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். அதற்கு மேல் எனக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தெரு வழியாகவே போவேன். தறிச் சத்தம் கேட்டால் மூச்சு வரும். கேட்கவில்லையென்றால், இந்த நேரத்தில் என்ன ஓய்வு என்று ஆத்திரம் வரும். ஒருநாள் சத்தம் இல்லையே என்று கதவைத் தட்டியே விட்டேன். அவருக்குக் காய்ச்சல். "கஷாயம் குடிச்சிட்டு உக்காந்துடுவாரு டீச்சர்," என்றாள் அவள். நான் அக்கறையோடு விசாரிக்க வந்ததாக நடித்துவிட்டு வந்தேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

களம்பூர்க்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்துவிடுவார். அவர் சம்சாரம் சமையற்கட்டுக்குள் நுழைந்து அடுப்பு மேடையை முழம் போட்டுப் பார்ப்பார். அரிசிப் பானையை நகர்த்தச் சொல்லிச் சுவரைத் தட்டுவார். குடியிருப்பவள் பானையை நகர்த்துவாள். தறிமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு நெசவுக்காரர் வெளியே போய் நிற்பார். இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிற வீட்டில் அவர்கள் வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும், ஆள் வரும் நாளில் கொடியில் துணி காயப்போட வேண்டுமா என்று அவளிடம் கடுகடுத்ததும் நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் பிரியாணி கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. எப்போதும் அதில் நாலு வாழைப்பழமாவது வைத்து அனுப்புவார்கள். இந்த முறை வெறும் பாத்திரம். கோபமா, கையில் இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அவர்கள் வீடு தேடியது எனக்குத் தெரியும். தறிக்குழி வெட்டுவோம் என்றதும் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். முள்ளிப்பட்டில் ஒரு வீடு அமைகிற மாதிரி வந்து தட்டிப்போனது. எங்கே போகப்போகிறீர்கள் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் அது என் கவலையாகிவிடும். எனக்கு இருந்த கவலையே தலைக்கு மேல் இருந்தது.

முதல் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் இரண்டாவது. தை பதினெட்டு அன்று மாலை, மூன்றாவதும் முந்தின நாளே அறுத்தாயிற்று என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். மனசு லேசாகி, குழியை மூடக் கொத்தனாரிடம் போனில் நாள் குறித்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

உள்ளே தறிக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, தறியில் மிஞ்சியிருந்த பழைய பாவின் நுனியோடு புதுப் பட்டிழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான இழைகளில் பாதிக்கு மேல் சேர்த்தாயிற்று. பக்கத்தில் இன்னொரு முழுப் பாவு, பளபளவென்று, சுருளாக இருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாவு முடிவதே இல்லை. பழையதன் வாலில் புதியதைப் பிணைத்துக்கொண்டே போகலாம். ஜென்மத்துக்கும் போகலாம்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"பாவு முடிஞ்சதும் காலின்னு சொல்லி என்னை ஏமாத்திட்டீங்களே! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுமாம். அந்த மனுஷன் அங்க எழுந்து நிக்க முடியாம கிடக்கிறாரு. இரக்கம் வேணாமா உங்களுக்கு?"

நெசவுக்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி எழுந்து நின்றாள்.

"சொன்ன தேதிக்குப் போயிடுவோம் டீச்சர்."

"ரெண்டு மாச வேலையைத் தறியில ஏத்திகிட்டு ஒரு வாரத்துல எப்படிம்மா போவ?"

அவள் பிணைக்கிற அம்மாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். "போயிடுவோம் டீச்சர்," என்றாள் மறுபடியும். பிணைக்கிறவள் குனிந்த தலை நிமிரவில்லை, கை மட்டும் நின்றிருந்தது.

அந்த மௌனத்தைத் திருட்டு முழி என்றே முடிவு செய்தேன். அங்கிருந்து நேரே பட்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர்தான் இவர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்கிறவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். என் பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை உண்டு, அது தெரிந்துதான் போனேன்.

"காலி பண்ண வேண்டிய வீட்ல புதுப் பாவு பிணைக்கிறாங்க. நீங்க கேக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "காலி பண்றாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. எங்க போறாங்களாம்?"

"தெரியாது."

"எடமே தெரியாதவன் கிட்ட என் பட்டு இருக்குதா? நல்ல வேள சொன்னீங்க டீச்சர்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வரும் வழியில் கணவருக்குப் பிடித்த பட்டாணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கொத்தனாரோடு போனபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. முதலாளியின் ஆள் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பாவைக் கத்தரித்துவிட்டான். முந்தின நாள் முழுக்கச் சேர்த்த முடிச்சுகள் பழைய வாலோடு தறியில் தொங்கின. அவர் குழிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார், மிதிக்க ஒன்றும் இல்லாமல். என்னைப் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிள் போன பிறகு அவள்தான் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

"வெம்பாக்கம் பக்கத்துல எங்கம்மா வூடு கீது டீச்சர். அங்க போயி குழி வெட்டிக்கலாம்னு இருந்தோம். அது வெள்ளாம ஊரு. பாவு பிணைக்க ஒரு ஆளு கெடையாது. அதான் இங்கியே பிணைச்சி, அப்டியே சுருட்டி, வண்டில ஏத்திகினு போயிடலாம்னு. அவ்ளோ தொலவு போறோம்னு முன்னாடியே சொன்னா மொதலாளி பட்டு குடுப்பாரா? ஒரு பாவு நெய்ஞ்சி எடுத்துகினு வந்து காமிச்சிட்டு, அப்பறம் சொல்லலாம்னு நெனச்சோம்."

"இதை நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"பிணைக்கிறவங்க எல்லா வூட்டுக்கும் போறவங்க. மொதலாளி வூட்டுக்கும் போவாங்க. அவங்கள வச்சிகினு எப்டி டீச்சர் சொல்லுவேன்? அவங்க போனதும் உங்க வூட்டுக்கு வர்லாம்னு இருந்தேன். அதுக்குள்ள மொதலாளி ஆளு வந்து கேட்டுட்டாரு."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டு முதலாளியிடம் ஓடினேன். தப்பாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் நாணயமானவர்கள், நான் பொறுப்பு என்றேன். அவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வூடு காலியாவணும், ஆயிடும். எனக்கு என் பட்டு வந்துடுச்சி. எங்கிட்ட மறச்சவனுக்கு மறுபடி எப்டிங்க குடுக்கறது? நீங்க இருந்தாலும் குடுப்பீங்களா?"

வீட்டுக்குத் திரும்பினேன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர்கள் மறைத்தது உண்மை. நான் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மறைப்பால் யாருக்கும் ஒரு இழைகூட நஷ்டம் ஆகியிருக்காது, அதுவும் உண்மை.

தை இருபத்தொன்று அன்றே போய்விட்டார்கள். பத்திரத் தேதிக்கு நாலு நாள் முன்பாக. தறியைக் கழற்றிக் கட்டைகளாக மினி லாரியில் ஏற்றினார்கள். கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு அவள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே படுத்திருந்த என் கணவரிடம் போய், "சீக்கிரம் எழுந்து நடங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன நடந்தது என்று அவரிடம் நான் அதுவரை சொல்லவில்லை. அவர் இடது கையால் அவள் போன பக்கத்தை எனக்குக் காட்டி, நல்லவங்க என்பதைப் போலத் தலையாட்டினார்.

பத்திரம் குறித்த நாளில் முடிந்தது. வேலூர் வந்துவிட்டோம். பங்குனியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். அன்றைக்கு நான் அழுத அழுகை மருமகனுக்குக்கூட ஆச்சரியமாக இருந்திருக்கும். அந்த வீட்டை விற்றது தப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் உறுத்தல் போகவில்லை. ஆரணியில் எனக்குத் தெரிந்த பழைய மாணவர்களையெல்லாம் போனில் துரத்தினேன். ஆனி மாதம் ஒருவன் வழி செய்தான். அவனுடைய மாமனாரும் பட்டு கொடுத்து நெய்ய வைப்பவர். வெம்பாக்கமானாலும் பரவாயில்லை, டீச்சர் சொன்னால் ஒரு பாவு கொடுத்துப் பார்க்கலாம், பிணைக்கவும் இங்கிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஆனா இப்ப முடியாதுங்க. அவரு மாசியிலேர்ந்து கெணறு வெட்டற வேலைக்குப் போறாரு. நான் நாத்து நடப் போறேன். ரெண்டு பேரு கையும் காச்சிப் போயி சொரசொரன்னு கீது. இந்தக் கைய பட்டு மேல வச்சா இழ புடிச்சி இழுத்துக்கும்."

"எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சா சரியாயிடாதா?"

"வேலைக்குப் போவாம ரெண்டு மூணு மாசம் வூட்ல இருந்தா கை பழையபடி ஆயிடும் டீச்சர்," என்றாள். "சார் எப்டி கீறாரு? நடக்கறாரா?"

நடக்கிறார் என்றேன்.