நீலக் கூரையைத் தேடி நான்கு மலை

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பதவி இருந்தது. தறியில் பாவு இழை அறுந்தால் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். தலைமுடியைவிட மெல்லிய பட்டு இழைகள் நெருக்கியடித்து ஓடும் அந்த விரிப்பின் மேல், மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, அறுந்த இடத்தில் சட்டென்று விரலை வைத்துவிடுவேன். "நம்ம பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு" என்று சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. அதே பெண் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிறாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கித்தான் தெரியும், உலகம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் பக்கத்துப் பெண் எஸ்தர். நான் சோம்பேறித்தனத்தால்தான் அவளைப் பார்த்து எழுதுகிறேன் என்று நினைத்து, திட்டிக்கொண்டே நோட்டை என் பக்கம் நகர்த்துவாள். செவிலிமேட்டில் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் அப்பா பெயிண்டர். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அப்போது இரண்டு மாதமாக வரவில்லை. ஏன் என்று கேட்டால், "லீவு குடுக்கலமா" என்பார் அவள் அப்பா. மேற்கொண்டு கேட்டால் பிரஷ்ஷைக் கழுவ எழுந்து போய்விடுவார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எஸ்தர் என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா கம்பெனிக்கு நீலக் கூரை பா. ஒரு ஊரு மாதிரி பெருசாம். மலை மேல ஏறினா தெரியும். நீ வந்தீன்னா கண்டுபுடிச்சிடலாம்."

கழுகுக் கண்ணை வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எஸ்தர் வீட்டில் விளையாடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரகடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. உயரத்துக்குப் போனால் எல்லா ஊரும் தெரியும், அதற்குள் ஒரு நீலத்தைத் தேடி எடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தோம். பாவுக்குள் இழை தேடுகிற வீட்டுப் பெண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்?

டவுன் பஸ்ஸில் பாலாற்றைத் தாண்டி இறங்கினோம். ஏரியை ஒட்டி நான்கு குன்றுகள் வரிசையாகக் கிடந்தன. மாடிப்படியைத் தவிர வேறெதிலும் ஏறிப் பழகாத எங்களுக்கு அவை மலைகள்தான்.

முதல் மலை உச்சியில் காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் அடித்தது. எஸ்தர் எங்கள் ஊர்க் கோபுரங்களைக் காட்டினாள். எனக்கு ஏரி எது, வானம் எது என்றே பிரியவில்லை. பச்சையும் வெள்ளையும் வெளிர்நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மிதந்தன. சாயத் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. நீலக் கூரை மட்டும் இல்லை.

"அந்த மலை மறைக்குது பா" என்றாள் எஸ்தர். சரியென்று அந்த மலையிலும் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் இன்னொன்று மறைத்தது. அந்த இரண்டாவது மலையிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் தின்றோம். "போன தடவை வந்தப்ப என் தலைய வாரிக்கினே தூங்கிடுச்சி எங்கம்மா" என்றாள் எஸ்தர். "சீப்பு கையிலயே இருக்குது. நான் அசையவே இல்ல." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது மலையின் அடியில், பாறையைக் குடைந்த மண்டபத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. சற்று நேரம் என்று படுத்தோம். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கனவில் எங்கள் தறி மலைக்கு மலை நீண்டு கிடந்தது, அதன் மேல் நான் நடந்துகொண்டிருந்தேன். எழுந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. எஸ்தர் தூங்கவில்லை. வாசலில் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

மூன்றாவதில் ஓடி ஏறி ஓடி இறங்கினோம். நான்காவதில் ஏறும்போது நான் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். அதற்கப்பால் மலையே இல்லை. இனி மறைக்க எதுவும் கிடையாது. கண்ணைச் சுருக்கினேன், விரித்தேன், தண்ணீர் வழியும்வரை இமைக்காமல் பார்த்தேன். செந்நிறமாக ஒரு மயக்கம் மட்டும்தான் எதிரே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய அம்மாவைக் காணவில்லை என்பதற்காக அல்ல, என் கழுகுக் கண் காலைவாரிவிட்டதே என்றுதான் அழுதேன்.

"போலாம் வா, பஸ் போயிடும்" என்றாள் எஸ்தர்.

"கண்டுபுடிக்காம நான் எறங்க மாட்டேன்" என்று பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இழுத்துப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். கீழே போகும் பாதையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

"தோ, தெரியுது பா."

"எங்க?"

"என் விரலயே பாரு. அந்தப் பனமரத்துக்கு அப்பால. நீலமா இருக்குதா?"

"உங்கம்மா?"

"வாசல்ல நிக்குது. மஞ்சப் பொடவ கட்டிக்கினு."

நானும் வெயில் கூச்சத்துக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அவள் விரல் போன வழியே பார்த்தேன். உற்றுப் பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்புக்குள் எதுவோ நீலமாக எழுந்து வந்தது. ஆமாம், ஆமாம் என்றேன். எஸ்தர் கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நான் நிறுத்திய பிறகும் அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது என் கையை விடவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். பார்த்த சந்தோஷத்தில் இருக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் பேசாமல் வந்தேன். உள்ளுக்குள் பொறாமை தாங்கவில்லை. தறியே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு கண்ணா?

கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா வந்தார். கோடை விடுமுறையில் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். அடுத்த வருடம் பள்ளியில் கண் பரிசோதனை செய்து எனக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். சித்தப்பா அதன் பிறகு கழுகுகளைப் பற்றிப் பேசுவதை விட்டார். எனக்கோ அந்த மலைச் சமாசாரம் ஒருவழியாகத் தீர்ந்தது. என் கண் மோசம், அதனால் தெரியவில்லை. எஸ்தருக்கு நல்ல கண், அவளுக்குத் தெரிந்தது. வெகுகாலம் அப்படியே நம்பியிருந்தேன்.

இப்போது நானும் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறேன். முதல் நாள் காலை கம்பெனி பஸ்ஸில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதுமே வெயில் நேராக முகத்தில் அறைந்தது. "இந்தப் பக்கம் போனா அப்பிடித்தான், சூரியன பாத்துக்கினே போவணும்" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. கூச்சம் தாங்காமல் கையை நெற்றியில் வைத்தவள், அப்படியே வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எஸ்தரோடு மலையேறிய அன்று மாலை, உச்சியில் எங்கள் முகத்துக்கு நேரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரகடம் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இருட்டுவதற்குள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகத்தான் எஸ்தர் அன்று தன் அம்மாவைப் பார்த்திருக்கிறாள்.