ஊக்கு டப்பா

என் அண்ணன் வெள்ளி உருக்குகிறவன். உலைச் சூட்டில் புருவம் கருகி முளைக்காமல் போனதால் தெருவில் அவனுக்கு மொட்டைப்புருவம் என்று பேர். நூல் மில்லில் முப்பது வருஷம் உழைத்தவர்களுக்கு முதலாளி அவரவர் பேர் பொறித்த ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுப்பார். மில்லை மூடியதும் அவை ஒவ்வொன்றாக அண்ணன் கடைக்கு வந்தன. சட்டையில் குத்துகிற ஊக்கு பித்தளை, வெள்ளியைக் கெடுத்துவிடும். அதை வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பதக்கத்தை உருக்குகிற மூசையில் இறக்குவான். கொண்டுவந்தவர்கள் உருகுவதைப் பார்க்க நிற்க மாட்டார்கள்.

வெகுகாலம் கழித்து, பழைய பதக்கம் சேர்க்கிறவர் ஒருவர் வந்தார். மில்லில் எத்தனை கொடுத்தார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். மிச்சம் எத்தனை என்றுதான் தெரியவில்லை. அண்ணன் டப்பாவைக் கவிழ்த்தான். ஊக்குக்கு ஒரு பதக்கம் என்று அவர் எண்ணி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்தையும் நீங்களே முழுங்கிட்டீங்களே. ரெண்டு மூணு தப்பிச்சிருந்தா அதிசயம். இருந்தா நீங்க சொல்றதுதான் விலை."

அண்ணனிடம் எங்கள் அப்பாவுடையது ஒன்று இருந்தது. ரெண்டு மூணுக்கே இப்படியென்றால், ஒன்றே ஒன்றுக்கு எப்படி இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான்.

நான் அவனுக்குச் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், மில்லில் வேலைபார்த்துச் செத்துப்போன ஒருவரின் மனைவி வந்தாள். கைக்குட்டையில் பதக்கம்.

"அண்ணே, இதுக்கு இப்ப மதிப்பு வந்திருக்காமே. மருமகன் வீட்டை விட்டுப் போன்னுட்டான். ஒரு ரூம் பிடிக்கணும்."

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊர்ல இது மலிஞ்சு கெடக்கும்மா. எடைக்குத்தான் போகும்."

"அண்ணே, அந்த டப்பாவை அவங்களுக்கும் காட்டு" என்றேன்.

"நீ பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

நான் கிளம்பவில்லை. பதக்கம் சேர்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோ என்று அவளிடமே சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஆயுசுக்கும் உருக்குற மனுஷனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும், அக்கா? எடைக்கே எடுத்துக்கங்கண்ணே. ஆனா என் கண்ணு முன்னாடி உருக்கிடுங்க. அவர் பேரு இன்னொருத்தன் சட்டையில தொங்க வேண்டாம்."

இதை அண்ணன் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுடையது விலைபோகும்வரை இதை ஒளித்துவைத்து, பிறகு விற்கத்தான் நினைத்திருப்பான். வாய் விட்ட சொல்லை எப்படித் திரும்பப் பிடிப்பது? ஊக்கை வெட்டி டப்பாவில் போட்டான். பேர் கரைந்து, வெள்ளி உருண்டு திரளும்வரை அவள் நகராமல் நின்றாள்.

பதக்கக்காரர் மறுபடி வந்தபோது அண்ணன் அப்பாவுடையதை நீட்டினான். "ஊருக்கே இது ஒன்னுதாங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்னு வேணுமே. ஒன்னே ஒன்னு, அதுவும் உருக்குறவர் கையில இருந்து வருதுன்னா, நீங்களே அடிச்சதுன்னு சொல்லிடுவாங்க."

"இன்னொன்னு இருந்துச்சுங்க" என்று அண்ணன் டப்பாவைக் கவிழ்த்தான்.

ரூம் பிடிக்கப் பணம் போதாமல் அந்தம்மா மகள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பாய் போட்டுத்தான் காலத்தைத் தள்ளினாள். அண்ணன் மனம் வருந்தினான் என்று எழுதட்டுமா என்கிறாள் இதை எழுதுகிற பேத்தி. வேண்டாம். அதை நான் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்த அத்தனை ஊக்குகளையும் கிளறி, அவளுடையது எது என்று அவன் தேடியதைத்தான் பார்த்தேன்.