அடுப்போரம் வைத்த காலணி

என் கணவரின் தம்பியை எல்லோரும் ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, நெட்டை. பதினெட்டு வருடமாகச் செய்யும் வேலையும் நூலேணியோடுதான். எங்கள் கடற்கரையில் மணல் கிடையாது. செங்குத்தான பாறை, அதன் அடியில் ஒரு குகை. எந்தக் காலத்திலோ புயலுக்கு ஒதுங்கிய மாலுமிகள் அதன் சுவரெல்லாம் கப்பல் கப்பலாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கவும் பாறையில் ஏறி இறங்கவும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களை இறக்கி, கடல் ஏறிக் குகையை மூடும் முன் மேலே சேர்ப்பது அவன் பொறுப்பு. இத்தனைக்கும் படகில் கால் வைத்தால் அவனுக்கு வாந்தி வந்துவிடும்.

மேலே கொட்டகையில் காலணி காப்பது என் வேலை. வருகிறவர்கள் தங்கள் காலணியை அலமாரியில் விட்டு, வழுக்காத ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஏறி வந்ததும் அவரவர் ஜோடியை எடுத்துக்கொள்வார்கள். குகைக்குள் வளைவும் இருட்டும் அதிகம். தலையை எண்ணினால் தப்பிவிடும். அதனால் நாங்கள் அலமாரியில் மிச்சமிருக்கும் காலணியைத்தான் எண்ணுவோம்.

“அண்ணி, எத்தனை ஜோடி?” என்று கீழிருந்து கேட்பான்.

“உன் பிஞ்ச செருப்பு ஒண்ணுதான் தம்பி. திருடன்கூடத் தொடமாட்டான்!”

“மகாராஜா செருப்புன்னு சொல்லுங்க!” என்றபடி ஏறி வந்து ஏணியைச் சுருட்டுவான்.

அன்று காலையில் மழை. தனியாக வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் காலணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாவம், ஈரத்தில் கால் வைப்பாரே என்று அதை எடுத்து அடுப்போரம் வைத்தேன். வைத்தது மறந்தே போனது. அவன் கேட்டபோது அலமாரியைப் பார்த்து, “எல்லாம் ஏறியாச்சு” என்றேன். அவனும் ஏறி வந்து ஏணியைச் சுருட்டினான்.

டீக்குத் தண்ணீர் வைக்கப் போனபோதுதான் அந்தக் காலணி கண்ணில் பட்டது. என் அலறலைக் கேட்டு அவன் ஓடி வந்தான். ஏணியை மறுபடி இறக்கியபோது அதன் கீழ்ப்படிகளில் அலை மோதியது. இறங்கிப் போய், குகைக்குள் இருந்த டீச்சரை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். பாறையில் இடித்து, அவன் தோள்பட்டை இறங்கிவிட்டது. டீச்சருக்குக் கீறல்கூட இல்லை.

மறுநாள் சுற்றுலாத் துறை அதிகாரி வந்தார். “எண்ணினது யாரு?”

“நான்தான் சார். அவசரத்துல விட்டுட்டேன்” என்றான் அவன். என்னைப் பார்த்துக் கண்ணால் அடக்கினான். அவன் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் விசாரணை முடிந்தால் நிரந்தரமாகவே போய்விடும் என்றார்கள்.

அவன் சொல்லித்தான் சும்மா இருந்தேன் என்று சொல்லமாட்டேன். தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு வீட்டில் அவன் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன். கடவுளிடம் மட்டும் தினமும் அழுதேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரியாதவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்?

பத்தொன்பதாம் நாள் அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்தார்.

“இத்தனை நாள் ஏம்மா சொல்லல?”

அவர் எழுதியதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அட்டை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. கொட்டகைக்கு வேறு ஆள் போட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அவன் கோபப்பட்டான். “உங்களை யாரு அண்ணி கேட்டாங்க? ஒரு கையால பல் தேய்க்க இப்பதான் பழகினேன், அதுக்குள்ள வேலைக்குத் துரத்துறீங்க!”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சட்டை மாட்டப் போனான்; அடிபட்ட கை மேலே எழவில்லை. நான் எழுந்துபோய்ப் போட்டுவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.