பெட்டி மேல் சொன்ன பெயர்

இது நடந்தது. நம்பாதவர்கள் கேரள எல்லையில் இருக்கிற பாறசாலைக்குப் போய் நேசையனையே கேட்கலாம். ஆனால் கேட்டால் பதில் வராது, எழுந்து உள்ளே போய்விடுவார். பொய் சொல்லிப் பிழைக்கத் தெரிந்த மனிதராக இருந்தால், ஷார்ஜாவில் அத்தனை வருஷம் வெறும் எலக்ட்ரீஷியனாகவே இருந்திருக்க மாட்டார். எப்போதோ ஃபோர்மேன் ஆகியிருப்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஓணச் சமயம். அவருடைய மகள் ரெம்யாவுக்கு ஏழு வயது. இருதயத்தில் ஓட்டை. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "அப்பா பக்கத்தில இருந்தாத்தான் உள்ளே போவேன்" என்று போனில் ஒரே அழுகை. நேசையன் லீவு கேட்டார். கம்பெனி கையை விரித்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து வீரபாண்டி என்கிற திருநெல்வேலிக்காரன் தொழிலாளர் கேம்பில் தூக்கத்திலேயே செத்துப்போனான். வேறு சைட்டில் வேலை பார்த்தவன். நேசையன் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உடலோடு ஊருக்கு ஒரு ஆள் துணை போக வேண்டும், டிக்கெட்டைக் கம்பெனி தரும் என்றார்கள். நேசையன்தான் முதலில் கை தூக்கினார். அதில் இரக்கம் ஒன்றும் இல்லை. மகளைப் பார்க்க வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. சவப்பெட்டியை ஆணி அடித்து மூடியதும், துணை போகிறவர் அதைத் தொட்டு, செத்தவன் பெயரைச் சொல்லி, "வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் ஆவி அங்கேயே நின்றுவிடுமாம். நேசையன் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் கிளம்புகிற அன்று காலை, நாலு பேர் நிற்கிறார்களே என்று பெட்டியில் கை வைத்தார். மனசெல்லாம் ஆஸ்பத்திரியில். கண்ணை மூடினார்.

"ரெம்யா மக்களே... வா, வீட்டுக்குப் போவோம்."

செத்தவன் பெயருக்குப் பதில், வாய் தவறி மகள் பெயர் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் அழுகைச் சத்தத்தில் கவனிக்கவில்லை. திரும்பச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

விமானத்தில் ஓணக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பின்னால் இடம் இல்லை என்று அவரை முன்னால், பிசினஸ் கிளாசில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சோபா மாதிரி சீட்டு. பொத்தானை அமுக்கினால் முதுகு சாய்கிறது, கால் உயர்கிறது. சூடான ஈரத்துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் தின்பதா துடைப்பதா என்று தெரியாமல், எதிர்வரிசைக்காரரைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கனமான நீலப் போர்வை ஒன்றும் கிடைத்தது. பக்கத்து ஜன்னல் சீட் காலி. கீழே பெட்டி கிடக்கிறது என்பது கொஞ்ச நேரம் மறந்தே போனது.

மேலே ஏறியதும் கண் அசந்துவிட்டார்.

விழித்தபோது ஜன்னல் சீட்டில் ஒரு ஆள் இருந்தான். மெலிந்த உடம்பு. கேம்பில் போடுகிற மாதிரி நீலச் சட்டை. நல்ல வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"குளிருது அண்ணாச்சி."

"ஏசி கூடுதலா வச்சிருக்கான்."

"இங்க இல்ல. கீழ... கீழ ரொம்பக் குளிரு."

நேசையனுக்குப் பாவமாக இருந்தது. தன் போர்வையை எடுத்து அவன்மேல் போட்டார். விரல் பட்டது. ஐஸ்கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

சாப்பாடு வந்தது. பணிப்பெண் நேசையனுக்கு மட்டும் தட்டு வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து ஆளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து வாசனை ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வாசனை போலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் கவனித்தார். அவ்வளவு அகலமான சீட்டில் அந்த ஆள் ஜன்னலோடு ஒட்டி, ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாதி சீட் காலியாகக் கிடந்தது.

"ஏன் ஓய் இப்படி ஒதுங்கி இருக்கீரு? நல்லா இரும்."

"சின்னப்புள்ள வரணும்லா..."

"எந்தப் பிள்ளை?"

அவன் மெதுவாகத் திரும்பினான். மூக்கில் பஞ்சு இருந்தது.

"நீங்கதான கூப்பிட்டீக."

நேசையனின் பார்வை தானாகக் கீழே போனது. போர்வைக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. வெறுங்கால்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து... வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

"எம்பேரைச் சொல்லலியே அண்ணாச்சி..."

நேசையன் அலறினார்.

மலையாளப் பணிப்பெண் என்ன ஆச்சு என்று ஓடி வந்தாள்.

"எந்தா சேட்டா? எந்து பற்றி?"

"இவன்... இவன்..."

"அவிடே ஆரும் இல்லல்லோ."

ஆள் இல்லை.

சீட் பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது.

போர்வையையும் காணோம். அவள் சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் கார்கோ வாசலில் வீரபாண்டியின் அண்ணன் சொரிமுத்து ஆம்புலன்சோடு நின்றான். அதே ஊரில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்ப்பவன். பெட்டி வெளியே வந்ததும் நேசையன் அதன்மேல் விழுந்தார்.

"வீரபாண்டி! உன்னைத்தான்பா கூப்பிட்டேன். நீ போ. நீ மட்டும் வீட்டுக்குப் போ!"

தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று சொரிமுத்து அழுதுவிட்டான்.

"நீங்களும் கூட வாங்கண்ணாச்சி. முகத்தைப் பாத்துட்டுப் போலாம்."

"வரமாட்டேன்... என்னை விட்டிரு."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

ரெம்யா இருந்தாள். உயிரோடு இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அவள் அம்மா அம்மிணியோடு ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். நேசையன் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவருக்கு.

"அப்பா... காலத்தே என்னை விளிச்சது நீங்கதானே?"

"எங்கே மக்களே?"

"இங்கே. வா, வீட்டுக்குப் போவோம்னு சொன்னீங்கல்லா. அப்பாவுக்க சத்தம்தான். ஆளைத்தான் காணல."

அம்மிணி சிரித்தாள். "சொப்பனம் கண்டிருக்கா. காலையில இருந்து இதேதான் சொல்லுகா."

நேசையன் சிரிக்கவில்லை.

"அப்பா... குளிருது."

வார்டில் ஃபேன்கூட ஓடவில்லை. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் டாக்டர் வந்து சொன்னார்.

அவள் கண் திறக்கவில்லை.

பாறசாலையில் சர்ச் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, விஷயம் கேள்விப்பட்டு சொரிமுத்து துக்கம் விசாரிக்க வந்தான். 

"அண்ணாச்சி... ஒண்ணு கேக்கணும். பொட்டிக்குள்ள பிளேன் போர்வை வச்சது நீங்களா?"

நேசையன் நிமிர்ந்தார்.

"நீலப் போர்வை. ஆணியெல்லாம் அப்படியே இருந்துச்சு. நாங்கதான் பிடுங்குனோம்."

"எப்போ?"

"அன்னைக்கே. நீங்க ஆட்டோவுல போன கொஞ்ச நேரத்துல."

ரெம்யா ஆரஞ்சு தின்றுகொண்டிருந்த நேரம்.

சொரிமுத்து குரலைத் தாழ்த்தினான்.

"எந்தம்பி நடுவுல படுக்கல அண்ணாச்சி. ஒரு ஓரமா ஒதுங்கி, ஒருக்களிச்சுக் கிடந்தான். பக்கத்துல ஒரு சின்னப்புள்ள படுக்கிற அளவுக்கு இடம். போர்வையில பாதி அந்த எடத்து மேல போத்தியிருந்துச்சு..."

"போர்வையை எடுத்துட்டீங்களா?"

"இல்ல. பயந்து போயி... அப்படியே பொதைச்சுட்டோம்."